பண்ருட்டி தள்ளிப் போன வருசம்

கண்ணுங்களா, பல்சக்கரம், பின் அச்சு என்று ஆரம்பித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். மிதிக்காதவர்களுக்கு நான் புரியவைக்கிறேன். புரியாமல் போனது சுரங்கத்தில் கியர்பாக்ஸோடு முப்பத்தாறு வருசம் குடித்தனம் நடத்திய ஒருவருக்குத்தான்.

கொளஞ்சியப்பன் என்று பேர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், அதனால் பெர்மனென்ட் வேலை. பள்ளத்திலிருந்து நிலக்கரியை மேலே ஏற்றிக்கொண்டு வருகிற பெல்ட் இருக்கிறதே, அதன் மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் பெண்டாட்டி கலியம்மாள் அதே சுரங்கத்துக் கேன்டீனில் இருபத்திரண்டு வருசம் கான்ட்ராக்டில் இருந்தவள். இரண்டு பேரும் ஒரே கேட் வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். அவர் ரிட்டயர் ஆனபோது ஆளுயர மாலை போட்டு, மேளம் வைத்து, வீடு வரைக்கும் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்கு, கான்ட்ராக்ட் கைமாறிய அன்று, "நாளையிலேர்ந்து வராதீங்கக்கா" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலுக்கு முகம் உண்டா என்று அவள் குனிந்து பார்ப்பதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் சொந்த வீட்டுக்கு வந்தார்கள். வீட்டைக் கட்டினாரோ இல்லையோ, வண்டிக்கு ஷெட்டைக் கட்டினார். தெருவைப் பார்த்த மாதிரி, சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், கழிவு நீர் போக வழி, மேலே விளக்கு. உள்ளே ஏலத்தில் எடுத்த ஒரு பழைய அம்பாசிடர், பால் நிறத்தில். கலியம்மாள் பின்கட்டுச் சமையலறையில் இட்லி மாவு அரைத்து விற்றாள். மாவு வாங்க வருகிற பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பக்கத்துச் சந்தில் பக்கவாட்டில் நடந்துதான் வரவேண்டும். கொஞ்சம் சதை போட்டவர்கள் மாவுப் பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கலியம்மாளுக்கு ஒரே ஆசைதான். அந்த ஷெட் வேண்டும். இருபது லிட்டர் கிரைண்டர் ஒன்று போட்டு, தெருவைப் பார்த்து ஒரு பலகை மாட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளஞ்சியப்பனின் கூட்டாளிகள் துரைராஜும் அன்புமணியும் வந்திருந்தார்கள். துரைராஜ் பவர் ஹவுசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பழைய பத்மினி வைத்திருக்கிறார். அன்புமணி சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷினை ஓட்டியவர், அவரிடம் ஒரு ஜீப். மூன்று பேரும் சேர்ந்தால் பேச்சு மைலேஜ்தான். பிள்ளைகளின் மார்க்கைக்கூட இந்த மூன்று பேரும் இப்படிப் பேசியதில்லை.

காபியை வைத்தபடி கலியம்மாள் சொன்னாள். "பெட்ரோல் குடிக்கிறதுக்கு தெருவப் பாத்து ஷெட்டு. ஊருக்கு இட்லி குடுக்குறவளுக்கு சந்து. நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்."

"எவ்ளோ அண்ணே குடுக்குது இப்ப?" என்றார் அன்புமணி.

"ஒம்பதரை."

"ஒம்பதரையா. என் ஜீப்பே அத குடுக்குது. அண்ணி சொல்றதுல தப்பு இல்ல."

கூட்டாளி முன்னால் இப்படி ஆகிப்போனதும் கொளஞ்சியப்பனுக்கு மீசை துடித்தது. "பின் ரேஷியோவ மாத்துனா லிட்டருக்குப் பத்து தாண்டும். மாத்திக் காட்டுறேன். பத்து குடுக்கலன்னா ஷெட்ட நீயே எடுத்துக்க, போ."

"இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கினாங்க," என்றாள் கலியம்மாள்.

"கேட்டுக்கினோம் அண்ணி. அரை கிலோமீட்டர்தான. அண்ணன் தூங்கிக்கினே கொண்டாந்துருவாரு," என்றார் துரைராஜ்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது, கவனியுங்கள். வண்டியின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம். இஞ்சின் பக்கமிருந்து வருகிற நீளத் தண்டு சின்னதைச் சுற்றும், சின்னது பெரியதைச் சுற்றும், பெரியது டயரைச் சுற்றும். சின்னதில் பத்துப் பல், பெரியதில் நாற்பத்து மூன்று என்றால், டயர் ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டும். இதைத்தான் ரேஷியோ என்கிறார்கள். கொளஞ்சியப்பன் வண்டியில் இருந்தது இந்தப் பத்து நாற்பத்து மூணுதான்.

இந்த எண் பெரிதானால், சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டமாதிரி. மிதிப்பது லேசாக இருக்கும், மேட்டில் ஏறலாம். ஆனால் ஒரு தெரு தாண்டுவதற்குள் கால் நூறு சுற்றுச் சுற்றிவிடும். எண் சிறிதானால் மிதி கனக்கும், ஆனால் நாலு மிதியில் தெருக்கோடி வந்துவிடும். நேரான ரோட்டில் பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்றால் இஞ்சின் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். அப்படியென்றால் சின்ன எண்தான் எடுக்க வேண்டும். சரியா? உங்களுக்குப் புரிந்துவிட்டது. இனி அவருக்கு எப்படிப் புரியவில்லை என்று பார்ப்போம்.

மந்தாரக்குப்பத்தில் சிலம்பரசன் என்று ஒரு மெக்கானிக். அளவாகப் பேசுகிறவன், கைவேலை சுத்தம். மூன்று பேரும் அம்பாசிடரில் அவனிடம் போய் இறங்கினார்கள். சிலம்பரசன் ஒரு கோணியைப் பிரித்து, கிரீஸ் தடவிய பல்சக்கர ஜோடி ஒன்றைக் காட்டினான்.

"பதினொண்ணு நாப்பத்து மூணுங்க. நாலுக்கும் கீழ வரும். ஹைவேயில போறதுக்கு இதான் சரி. மேட்டுல மட்டும் கொஞ்சம் கியர் எறக்கிக்கணும்."

கொளஞ்சியப்பன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதவிட பெருசா இருக்குதா?"

"எட்டு முப்பத்தொம்பது இருக்குது. கிட்டத்தட்ட அஞ்சு. அது லோடு வண்டிக்குத்தாங்க ஆவும்."

"அதான் வேணும்."

"மைலேஜுக்குன்னு சொன்னீங்க."

"தம்பி, நான் பெல்ட்டு கியர்பாக்ஸ்லயே முப்பத்தாறு வருசம். ரேஷியோ ஏறுனா மோட்டாருக்கு லோடு எறங்கும். லோடு எறங்குனா ஆம்பியர் எறங்கும். ஆம்பியர் எறங்குனா கரண்டு மிச்சம். இங்க கரண்டுக்குப் பதிலா பெட்ரோலு. இதுல என்னா இருக்குது?"

"பெல்ட்டு ஒரே வேகத்துல ஓடுதுங்க. வண்டி..."

"சிலம்பரசா, நீ வெளியாளு. உள்ள வந்து ஒரு ஷிப்டு பாத்திருந்தா இந்தக் கேள்வியே கேக்க மாட்ட," என்றார் அன்புமணி. துரைராஜ் தலையாட்டினார். மூன்று பேருக்கும் சேர்த்து நூறு வருச சர்வீஸ். நூறு வருச சர்வீஸ் தலையாட்டினால் ஒரு மெக்கானிக் என்ன செய்ய முடியும்? மூன்று தரம் சொன்னான். நாலாவது தரம் ஸ்பேனரை எடுத்தான்.

எட்டு முப்பத்தொம்பது மாட்டியாயிற்று. வண்டி கிளம்பும்போது சும்மா துள்ளியது. பாரம் இழுக்கிற கியர் அல்லவா, துள்ளத்தான் செய்யும். "பாத்தியா, இஞ்சினு எவ்ளோ லேசா இருக்குதுன்னு," என்று கொளஞ்சியப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்சம் வேகம் எடுத்ததும் இஞ்சின் மாவு மிஷின் மாதிரி கத்தியது. அதைச் சந்தோசத்தில் கத்துகிறது என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பரீட்சை. ஆர்ச் கேட் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் டேங்கை வாய் வரைக்கும் நிரப்புவது, பண்ருட்டி தாண்டி மேல்பட்டாம்பாக்கம் போய்த் திரும்புவது, அதே பங்கில் மறுபடி வாய் வரைக்கும் நிரப்புவது. எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு செலவு. மீட்டரில் ஓடிய தூரத்தை அதனால் வகுத்துக்கொள்ள வேண்டியது. முறையில் ஒன்றும் தப்பில்லை. துரைராஜ் முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். பின்னால் அன்புமணியும் கலியம்மாளும். அவள் சும்மா வரவில்லை, ஷெட் அவளுடையதாகுமா இல்லையா என்று பார்க்க வந்தாள்.

போகிற வழியில் ரோட்டோரக் கல் ஒன்று வந்தது. பண்ருட்டி 15 என்று போட்டிருந்தது. கலியம்மாள் முன்னால் எட்டி, "அண்ணே, மீட்டர்ல இப்ப எவ்ளோ?" என்று துரைராஜைக் கேட்டாள். சொன்னார். பிறகு பலாப்பழக் கடைகள், முந்திரிக் காடு, ரோடு வேலைக்குத் தோண்டிப்போட்ட செம்மண். பண்ருட்டி 5 என்று கல் வந்ததும் மறுபடி கேட்டாள்.

கல்லுக்குக் கல் பத்து. மீட்டரில் பதினொன்றும் சொச்சமும்.

"ஏங்க, பத்து கல்லு தாண்டுனதுக்கு பதினொண்ணேகால் காட்டுதே," என்றாள்.

"கல்லு பழசு," என்றார் கொளஞ்சியப்பன்.

"இப்பதான் புது பெயின்ட்டு அடிச்சி நட்டுருக்காங்க."

"நட்டவன் கான்ட்ராக்டு ஆளு. பாத்தா நட்டுருப்பான்?"

கான்ட்ராக்டு ஆள் பார்த்து வேலை செய்வாளா மாட்டாளா என்று அந்த வண்டியில் கலியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் இருபத்திரண்டு வருசம் சாப்பிட்டது அவள் கையால்தான்.

துரைராஜ் வேறு காரணம் சொன்னார். "அண்ணி, நாலு வழி ரோடு போட்டாங்கல்ல. அகலப்படுத்தும்போது ரோட்ட வளச்சித்தான் போட்டாங்க. அதுல தூரம் கூடிப்போச்சு. கல்ல மட்டும் பழைய எடத்துலயே விட்டுட்டாங்க."

"அப்ப பண்ருட்டி தள்ளிப் போயிடுச்சுன்றீங்க."

"அப்பிடித்தான் வச்சிக்குங்களேன்."

அன்புமணி போனை எடுத்து மேப்பைப் போட்டுப் பார்த்தார். கல் சொன்னதையே அதுவும் சொன்னது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது மேலேர்ந்து பாக்குது. மேடு பள்ளம் இதுக்குத் தெரியாது," என்று பையில் போட்டுக்கொண்டார். ஆகாயத்தில் சுற்றுகிற மிஷினையும் வெளியாள் கணக்கில் சேர்த்தாயிற்று.

திரும்பி வந்து பெட்ரோல் நிரப்பினார்கள். ஆறு லிட்டர் தொள்ளாயிரம் மில்லி பிடித்தது. மீட்டர் எழுபத்தொன்று ஓடியிருந்தது. வகுத்தால் பத்தேகாலுக்கு மேல். பங்கிலேயே மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கலியம்மாள் கல்லைப் பற்றி மறுபடி ஆரம்பித்தபோது கொளஞ்சியப்பன் ஓட்டெடுப்பு வைத்தார். மீட்டர் சரி என்பவர்கள் கை தூக்கவும். மூன்று கை உயர்ந்தது. ஷெட் வண்டிக்கு என்று தீர்ப்பானது. யூனியன் தேர்தலில் ஓட்டு எண்ணிய கைகள், அதனால் தப்பில்லாமல் எண்ணினார்கள்.

மறுநாள் கலியம்மாள் பஸ் ஏறி மந்தாரக்குப்பம் போனாள். சிலம்பரசன் பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டான்.

"மைலேஜ் ஏறிடுச்சுன்னு சொல்றாங்களாக்கா?"

"பண்ருட்டியே தள்ளிப் போயிடுச்சுன்றாங்க."

அவன் சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டான். "அக்கா, மீட்டரு டயரு சுத்துறத எண்ணுறதில்ல. தண்டு சுத்துறத எண்ணுது. முன்ன டயரு ஒரு சுத்து வர தண்டு நாலேகால் சுத்துச்சு. இப்ப கிட்டத்தட்ட அஞ்சு சுத்துது. மீட்டருக்கு கியர மாத்துனது எப்பிடித் தெரியும்? அது பழைய கணக்குலயே கிலோமீட்டர எழுதிக்கினு போவுது."

கலியம்மாள் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. "எங்க கேன்டீன்ல ஒரு தரம் குழம்புக் கரண்டிய மாத்துனாங்க தம்பி. கொஞ்சம் சின்னதா. அண்டா அதே அண்டா. முந்நூறு கரண்டி வந்தது முந்நூத்தி நாப்பது வந்துச்சு. குழம்பு நெறய வருதுன்னு எழுதிக்கினாங்க."

"அதேதான்."

"அதையும் இவங்கதான் தின்னாங்க. ஒருத்தருக்கும் தெரியல."

சிலம்பரசன் இப்போது சிரித்தான். "நிஜமா பாத்தா வண்டி ஒம்பதுதான் குடுக்குது, முன்னவிட மோசம். ஆனா நான் சொன்னா அண்ணன் கேக்க மாட்டாரு, நீங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க எதையும் சொல்லாதீங்க. மீட்டரு கேபிளு எங்க மாட்டியிருக்குதுன்னு மட்டும் கேளுங்க."

கலியம்மாள் சாயங்காலம் கேட்டாள். அவர் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த மீட்டரு கேபிளு எங்கேர்ந்துங்க வருது?"

"டயர்லேர்ந்து. வேற எங்கேர்ந்து வரும்? பெல்ட்டு எவ்ளோ ஓடுதுன்னு நாங்க உருளையிலதான் அளப்போம். மோட்டார்ல போயி எவனாச்சும் அளப்பானா?"

"எந்த டயருங்க?"

அவர் வாயைத் திறந்தார். முன் டயரைப் பார்த்தார், பின் டயரைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாயை விரித்து, "இந்தா காட்டுறேன்" என்று வண்டிக்கு அடியில் போனார். வெளியே தெரிந்தது இரண்டு கால்தான்.

கலியம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே முன்னும் பின்னும் போனது. ஒரு பின் டயருக்குப் போனது, மறு பின் டயருக்குப் போனது, அப்புறம் முன்னால் வந்து கியர்பாக்ஸின் வால்பக்கம் நின்றது. அங்கேயே நின்றது. ஆடிக்கொண்டிருந்த கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஆட்டத்தை நிறுத்தின. அவளுக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரிந்துவிட்டது என்று.

முப்பத்தாறு வருசம் கியரைப் பார்த்தவர், கண்ணுங்களா, முட்டாள் இல்லை. அந்தக் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்த நொடியில் மற்றதெல்லாம் அவராகவே கணக்குப் போட்டிருப்பார். நாலு சொச்சம், அஞ்சு கிட்ட, பதினொண்ணேகால், பண்ருட்டி. ரொம்ப நேரம் கால்கள் அசையவில்லை. ஒரு கொசு வந்து கணுக்காலில் உட்கார்ந்தது. அதைக்கூட அவர் விரட்டவில்லை. கலியம்மாள்தான் விரட்டினாள்.

"வெளிய வாங்க."

"கொஞ்சம் இரு."

"காப்பி போடட்டுமா?"

"கலி," என்றது அடியிலிருந்து குரல். "அன்புக்கும் துரைக்கும் சொல்லிடாத."

"நான் எதுக்குங்க சொல்றேன்." தரையைத் தடவிப் பார்த்து, "இந்தத் தரை நல்ல சரிவா கெடக்குது. கழுவி உட்டா தண்ணி தானா போயிடும். கிரைண்டர இந்த மூலையில வச்சா சரியா இருக்கும்," என்றாள்.

அடியில் டார்ச் அணைந்தது. அப்புறம், "அந்த மூலையில வேணாம். சுவிட்சு இந்தப் பக்கம் இருக்குது," என்றது குரல்.

பத்து நாளில் கிரைண்டர் வந்தது. கலியம்மாள் மாவுக் கடை என்று தெருவைப் பார்த்துப் பலகை மாட்டினாள். வண்டிக்குப் பழைய பத்து நாற்பத்து மூணையே சிலம்பரசன் திரும்ப மாட்டிக் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசாமல். அந்த ஒரு வார்த்தை பேசாததற்குக் கொளஞ்சியப்பன் அவனிடம் இன்றைக்கும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வண்டி முருங்கை மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஏன் அண்ணே ஷெட்டை விட்டீங்க என்று கேட்டவர்களுக்கு, "பத்தேகால் குடுக்குற இஞ்சினுக்கு காத்தோட்டம் வேணும்பா" என்று சொன்னார். அதையும் நம்பினார்கள்.

அங்கேதான் வந்தது வினை.

ஒரு நாள் காலை, கடையில் நல்ல கூட்டம். சந்து இல்லை, தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, பெண்கள் அகலமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியப்பன் உளுந்து கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். துரைராஜும் அன்புமணியும் தூக்குவாளியோடு வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் பேரன் பிறந்த களை.

"அண்ணே, நானும் போட்டுட்டேன்," என்றார் அன்புமணி. "உங்க ரேஷியோதான். ஜீப்பு இப்ப பதினொண்ணு குடுக்குது."

"பத்மினிக்கும் பெருசா ஒண்ணு தேடிக்கினு இருக்கோம். சிலம்பரசன் மாட்ட மாட்டேன்னுட்டான். விழுப்புரத்துல ஒரு ஆள் இருக்கான், சொன்னத செய்வான்," என்றார் துரைராஜ். "ரிட்டயர்டு ஆளுங்க மன்றத்துல இன்னும் நாலு பேரு கேக்குறாங்க. கொளஞ்சி ரேஷியோன்னே பேரு வச்சிட்டாங்க."

கொளஞ்சியப்பன் கையில் உளுந்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் கலியம்மாளைப் பார்த்தார். அவள் மாவை வாரிக்கொண்டே, "நான் சொல்ல மாட்டேன்னு வார்த்த குடுத்துருக்கேன். நீங்க யாருக்கும் குடுக்கல," என்றாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் அவ்வளவு பேர் முன்னால் எதையும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. "அன்பு, அது தப்புப்பா. மைலேஜ் ஏறல. மீட்டருதான் கூட ஓடுது. கேபிளு தண்டுலேர்ந்து வருது, டயர்லேர்ந்து இல்ல. நான் படுத்துப் பாத்தேன். உன் ஜீப்பும் முன்னவிட கூடத்தான் குடிக்கும்."

கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றார் அன்புமணி, பரிதாபமாக. "நீங்க பத்தேகால். நான் பதினொண்ணு. அதுல உங்களுக்கு ஒரு இது. புரியுது."

"எனக்கு என்னா இது? போயி கல்ல பாத்து ஓட்டு."

"கல்லு பழசுன்னு நீங்கதான சொன்னீங்க," என்றார் துரைராஜ்.

கொளஞ்சியப்பன் மறுபடி உளுந்தில் கையை விட்டார். அவர் சொன்னதுதான். துரைராஜ் குரலைத் தாழ்த்தி, கலியம்மாளுக்குக் கேட்காத மாதிரி எல்லோருக்கும் கேட்க, "மாவுக் கடையில ஒக்காந்ததுலேர்ந்து அண்ணனுக்கு மெஷினரி டச்சு விட்டுப்போச்சு, பாவம்," என்றார். இரண்டு பேரும் மாவை வாங்கிக்கொண்டார்கள். அன்புமணி ஜீப்பை எடுத்தார். அது துள்ளிக் கிளம்பி, தெருமுனை திரும்புவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது.

கொளஞ்சியப்பன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்மையைத்தான சொன்னேன்," என்றார்.

"சொன்னீங்க," என்றாள் கலியம்மாள். "அந்தப் பெரிய மாவுக் குண்டான தூக்கி நிழல்ல வைங்க. புளிக்குது."

அவர் தூக்கி வைத்தார்.